குட்டிச் சிங்கமும் எட்டாத படியும்



பிள்ளைகள் கைப்பேசியில் ஆடும் ஆட்டங்களைக் கண்டு சலித்துக்கொள்ளாத தாய் தகப்பன் இன்று அபூர்வம். ‘எந்நேரமும் இதே வேலைதானா?’ என்று அதட்டுகிறோம். ஆட்டத்தில் தோற்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால், ‘மக்கு! இதில்கூட உனக்கு ஜெயிக்கத் தெரியவில்லையா?’ என்று ஒரு வார்த்தையும் சேர்த்து விடுகிறோம். முதல் வார்த்தையில் நியாயம் உண்டு. இரண்டாவது வார்த்தையைப் பற்றித்தான் இன்று பேச வேண்டும். அதற்குப் பழைய ஆட்டம் ஒன்றின் கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

1994ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வால்ட் டிஸ்னி நிறுவனம் ‘தி லயன் கிங்’ என்ற சித்திரப் படத்தை வெளியிட்டது. உங்களில் பலர் பிள்ளைகளோடு பார்த்திருப்பீர்கள். சிம்பா என்ற குட்டிச் சிங்கத்தின் தகப்பனார் காட்டுக்கு ராஜா. அவருடைய தம்பி ஸ்கார், பதவி ஆசையால் சூழ்ச்சி செய்து, மிரண்டோடும் மாட்டு மந்தையின் நடுவே அண்ணனைக் கொன்று விடுகிறான். பிறகு குட்டியிடம் வந்து, ‘எல்லாம் உன்னால்தான்’ என்று நம்ப வைக்கிறான். பாவம், அந்தக் குட்டியும் அதை நம்பி ஊரை விட்டே ஓடிப்போகிறது. செய்தவன் ஒருவன், பழியைச் சுமப்பது வேறொரு பிஞ்சு. இந்த இடத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே 1994இல் இந்தப் படம் தொலைக்காட்சிப் பெட்டியில் ஆடும் ஆட்டமாகவும் வந்தது. லாஸ் வேகாஸ் நகரிலிருந்த வெஸ்ட்வுட் ஸ்டூடியோஸ் என்ற நிறுவனம் அதைச் செய்தது. வர்ஜின் இன்டரெக்டிவ் நிறுவனம் வெளியிட்டது. இதைப் ‘பிளாட்பார’ ஆட்டம் என்பார்கள். ரயில் நிலையத்துப் பிளாட்பாரம் அல்ல. திரையில் மேலும் கீழுமாகப் பாறைகள், கிளைகள், மேடைகள் இருக்கும். ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிப் போக வேண்டும். தவறினால் விழுந்து ஓர் உயிர் போகும். பத்துக் கட்டங்கள். முதலில் குட்டியாக ஆடி, பின்பு வளர்ந்த சிங்கமாக ஆடி, கடைசியில் ஸ்காரை மலை உச்சியிலிருந்து தூக்கி எறிந்தால் வெற்றி.

படத்திற்குச் சித்திரம் வரைந்த நிறுவனத்தின் கைவண்ணம் ஆட்டத்திலும் தெரிந்தது. முதல் கட்டத்தில் நல்ல பாடமும் இருந்தது. அதன் முடிவில் ஒரு கழுதைப்புலி வந்து எதிர்க்கும். அவசரப்பட்டுப் பாய்ந்தால் அடிதான் கிடைக்கும். அது களைத்து மூச்சு வாங்கும் வரை பொறுத்திருந்து, அப்போது அதன்மேல் குதிக்க வேண்டும். இரண்டு மூன்று முறை தோற்றால் பிள்ளைக்கே இது புரிந்து விடும். பொறுமையைக் கற்றுத்தரும் கஷ்டம் இது. இதை நான் குறை சொல்லமாட்டேன்.

இரண்டாம் கட்டத்தில்தான் விஷயம் மாறுகிறது. குரங்குகள் குட்டிச் சிங்கத்தைப் பிடித்துத் தூக்கி எறியும். ஒன்று எறிய, அடுத்தது பிடித்து எறியும். சில குரங்குகளைப் பார்த்துக் கர்ஜித்தால் அவை திரும்பி நின்று வேறு பக்கம் எறியும். எந்தக் குரங்கை எந்த வரிசையில் திருப்ப வேண்டும் என்று யாரும் சொல்லித்தர மாட்டார்கள். ஒன்று தவறினாலும் வேறெங்கோ போய் விழ வேண்டியதுதான். விட்ட இடத்திலிருந்து மறுநாள் தொடரவும் வழியில்லை, திரும்பவும் முதலிலிருந்துதான். எத்தனையோ பிள்ளைகள் பத்துக் கட்டத்தில் இரண்டாவதைத் தாண்டாமலே ஆட்டத்தை மூடி வைத்தார்கள்.

குழந்தைகள் படத்தை வைத்துச் செய்த ஆட்டத்தில், இரண்டாம் படியிலேயே ஏன் இத்தனை முட்டுக்கட்டை? இதற்குப் பதில், வெஸ்ட்வுட் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான லூயிஸ் காஸ்ல் பிற்காலத்தில் சொன்னதில் இருக்கிறது.

நம் பட்டணங்களில் ஒரு காலத்தில் தமிழ்ப்பட வீடியோ நாடாக்களை வாடகைக்கு எடுத்துப் பார்த்தோம் அல்லவா? அதுபோல அமெரிக்காவில் ஆட்டங்களையும் வாடகைக்கு விட்டார்கள். 1990இல் அங்கே வந்த சட்டம் கணினி நிரல்களை வாடகைக்கு விடுவதைத் தடுத்தது. ஆனால் இத்தகைய ஆட்டங்களுக்கு விலக்கு அளித்தது. ஆகவே தகப்பன்மார் சனி, ஞாயிறுக்கு ஆட்டத்தை எடுத்து வந்து, பிள்ளை ஆடி முடித்ததும் திருப்பிக் கொடுத்து விடலாம். வாடகை விடுவதைத் தடுக்க முடியாது. ஆனால் இரண்டு நாளில் ஆட்டம் முடியாதபடி செய்யலாம் அல்லவா? வாடகைக்கு எடுத்தவர் வெகுதூரம் போய்விட்டால் விலை கொடுத்து வாங்கமாட்டார் என்பது டிஸ்னி தரப்பின் கணக்கு. அதனால் தொடக்கத்திலேயே கடினமாக்கச் சொன்னார்கள். அந்தக் குரங்குகள் அப்படித்தான் அங்கே வந்து நின்றன என்கிறார் அவர்.

பார்த்தீர்களா, பெற்றோர்களே! அந்தப் படி பிள்ளைக்கு எட்டாதது வியாபாரக் கணக்கினால். ஆனால் பிள்ளைக்கு அது தெரியுமா? ‘எனக்குத்தான் மூளை இல்லை’ என்று எண்ணிக்கொள்ளும். ஸ்காரின் பேச்சை நம்பிய குட்டிச் சிங்கத்தின் நிலைதான் அதற்கும்.

வகுப்பறையிலும் நாங்கள் படி வைக்கிறோம். கூட்டல் தெரிந்த பிறகு பெருக்கல், பெருக்கல் தெரிந்த பிறகு வகுத்தல். ஒரு படி ஏறிய காலுக்கு அடுத்த படி எட்ட வேண்டும். வகுப்பு முழுவதும் ஒரே கணக்கில் தவறினால், பிள்ளைகளைத் திட்டுவதற்கு முன் கணக்கைத் திரும்பப் பார்ப்பதுதான் ஆசிரியருக்கு அழகு.

அந்த முப்பது வருடக் கதை இப்போது எதற்கு என்று கேட்பீர்கள். இன்று பிள்ளைகள் கைப்பேசியில் ஆடும் இலவச ஆட்டங்கள் பலவற்றிலும் இதே தந்திரம் இருக்கிறது. முதலில் சுலபமாக ஏற விடுவார்கள். பிறகு ஓர் இடத்தில் முட்ட வைப்பார்கள். ‘உயிர் தீர்ந்து விட்டது, காத்திரு, அல்லது காசு கொடு’ என்பார்கள். வெயிலிலும் மழையிலும் உழைத்துச் சேர்த்த வெள்ளி, ஒரு விரல் தட்டலில் போய் விடும்.

ஆகவே மூன்று காரியங்கள் செய்யுங்கள். ஆட்டத்திற்கு நேரம் வகுத்துக் கொடுங்கள். உங்கள் அனுமதி இல்லாமல் பணம் போகாதபடி கைப்பேசியில் பூட்டுப் போடச் சொல்லி, விவரம் தெரிந்த அண்ணன் அக்காளிடம் கேளுங்கள். மூன்றாவதுதான் முக்கியம்: பிள்ளை தோற்று உட்கார்ந்திருந்தால், பக்கத்தில் அமர்ந்து ‘எந்த இடத்தில் மாட்டிக்கொண்டாய்? காட்டு’ என்று கேளுங்கள். அந்த இடம் அறிவை வளர்க்கிறதா, காசைக் கறக்கிறதா என்று இருவரும் சேர்ந்து பாருங்கள். முதல் வகையானால் ‘இன்னும் ஒருமுறை முயன்று பார்’ என்று தட்டிக்கொடுங்கள். இரண்டாவது வகையானால், ‘இதில் உன் குற்றம் எதுவும் இல்லை’ என்று சொல்லி ஆட்டத்தை மூடச் சொல்லுங்கள்.

2019இல் அதே லயன் கிங் ஆட்டத்தை மறுபடியும் வெளியிட்டார்கள். இம்முறை ஒரு வசதி சேர்த்தார்கள். தவறி விழுந்தால், ஒரு பொத்தானை அழுத்திச் சில நொடிகள் பின்னால் போய், விழுந்த இடத்திலேயே மீண்டும் முயலலாம். குரங்குகள் அப்படியேதான் இருக்கின்றன. ஆனால் விழுந்த பிள்ளைக்கு எழுந்து நிற்க இடம் கிடைத்து விட்டது. ஓர் இயந்திரம் கொடுக்கும் அந்த இடத்தைப் பெற்றவர்கள் நாம் வீட்டில் கொடுக்கக் கூடாதா?