பேத்தியின் வீடியோவும் ஒரு டாக்டரின் குரலும்

போன வாரம் பேத்தி ஊட்டியிலிருந்து வந்திருந்தாள். அங்கே அரசு மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். 2022 ஜனவரியில் திறந்த கல்லூரி அது. அதற்கு முன்னால் நம் மாவட்டத்துப் பிள்ளைகள் டாக்டருக்குப் படிக்க மலை இறங்கித்தான் ஆக வேண்டும்.

காபி குடித்துக்கொண்டே, "தாத்தா, இன்ஸ்டாகிராம்ல ஒரு பக்கம் ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். நோய், மருந்து பத்தி சின்னச் சின்ன வீடியோ. போடலாமா?" என்றாள். அவள் அம்மாவுக்கு இஷ்டமில்லை. "மொதல்ல படிச்சு முடி" என்று சமையலறையிலிருந்தே தீர்ப்பு வந்துவிட்டது. நான் உடனே பதில் சொல்லவில்லை. காரணம், எனக்கு இரண்டு பழைய விஷயங்கள் ஞாபகத்துக்கு வந்தன.

முதலாவது 2017 பிப்ரவரி. நான் அப்போது குன்னூருக்குக் கீழே ஒரு எஸ்டேட் பள்ளியில் தலைமை ஆசிரியர். தட்டம்மை, ரூபெல்லா இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஊசி, 9 மாதக் குழந்தை முதல் 15 வயது வரை எல்லோருக்கும் என்று அரசு அறிவித்தது. தட்டம்மை ஊசி நம் நாட்டில் 1985 முதலே இருக்கிறது. இதில் புதிதாகச் சேர்ந்தது ரூபெல்லா மட்டும்தான். ஆனால் வாட்ஸ்அப்பில் வந்த சேதி வேறு மாதிரி இருந்தது. வெளிநாட்டுச் சதி, போட்டுக்கொண்டால் பிற்காலத்தில் குழந்தை பிறக்காது என்று யாரோ ஒரு ஆள் ஆவேசமாகப் பேசிய ஆடியோ. கொழுந்து நிறுக்கிற இடத்தில் ஒருவர் போனில் அதைச் சத்தமாக வைக்க, அன்று சாயங்காலத்துக்குள் எல்லா லைன் வீடுகளுக்கும் போய்விட்டது. ஊசி போடும் நாளன்று முக்கால்வாசிப் பிள்ளைகள் பள்ளிக்கே வரவில்லை.

அந்தப் பெற்றோரை நான் முட்டாள்கள் என்று சொல்ல மாட்டேன். பாதிப் பேர் 1964 ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள். எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் என்ன ஆகுமோ என்று இரண்டு தலைமுறையாகப் பயந்து பழகியவர்கள். அரசாங்கம் பத்திரிகையில் மறுப்புக் கொடுத்தது. காலை ஏழரைக்கு மலையேறுகிறவர் எங்கே பத்திரிகை படிப்பது?

ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்போது ஒரு இளம் டாக்டரம்மா இருந்தார், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். விஷயம் கேட்டதும் தன் போனிலேயே இரண்டு நிமிடம் பேசிப் பதிவு செய்து எனக்கு அனுப்பினார். தன் பெயர், எந்த சுகாதார நிலையம், எல்லாம் சொன்னார். ஊசி போட்ட இடத்தில் வலிக்கும், சில பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வரலாம் என்பதை மறைக்கவில்லை. தன் மகளுக்கும் இதே ஊசி போட்டாயிற்று என்றார். நாளைக் காலை ஒன்பது மணிக்குப் பள்ளியில் இருப்பேன், என்ன சந்தேகமானாலும் கேளுங்கள் என்று முடித்தார். வதந்தியை நம்பினவர்களை ஒரு வார்த்தை திட்டவில்லை. நான் அதைப் பெற்றோர் குரூப்புக்கும் மேஸ்திரிகளுக்கும் அனுப்பினேன். மறுநாள் கேட்டருகே முப்பது அம்மாக்கள் நின்றார்கள். நான்கைந்து குடும்பங்கள் கடைசிவரை வரவில்லை. மற்றப் பிள்ளைகளுக்குப் போட்டு முடித்தோம். மாநிலம் முழுக்கவே அந்த முகாமை மார்ச்சுக்கும் நீட்டிக்க வேண்டி வந்தது என்பது பலருக்கு ஞாபகம் இருக்கும்.

இரண்டாவது விஷயம் சொந்தக் கதை. சில வருஷத்துக்கு முன் என் மனைவிக்குப் பித்தப்பையில் ஆபரேஷன், சமவெளியில் ஒரு மருத்துவமனையில். உறவில் யாருக்கும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் திருப்பூரிலிருந்து அவள் அண்ணன் மகள் போன் செய்தாள். "மாமா, அத்தைக்கு என்னாச்சு? வீடியோவுல பார்த்தேன்" என்றாள். பயிற்சி மாணவர்கள் இருவர் வார்டில் பாட்டுக்கு வாயசைத்து ரீல்ஸ் எடுத்திருக்கிறார்கள். பின்னால் கட்டிலில் இவள், டிரெய்ன் குழாயோடு. புகார் சொன்னதும் எடுத்துவிட்டார்கள், மன்னிப்பும் கேட்டார்கள். கெட்ட பிள்ளைகள் இல்லை. ஆனால் அவள் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "சேலை சரியா இருந்துச்சா?" அதற்கப்புறம் செக்கப்புக்கு அங்கே வர மாட்டேன் என்றுவிட்டாள்.

தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் டாக்டர்களின் நடத்தை விதிகளை வெளியிட்டபோது சமூக ஊடகத்துக்கும் சேர்த்தே எழுதியது. நோயாளியின் படத்தையோ ஸ்கேனையோ போடாதே, பொதுவெளியில் மருந்து எழுதிக்கொடுக்காதே, காசு கொடுத்து லைக் வாங்காதே என்று. அந்த மாதம் முடிவதற்குள் மொத்த விதிகளையும் நிறுத்தி வைத்துவிட்டார்கள். வேறு காரணங்களுக்காக எழுந்த எதிர்ப்பில் இதுவும் சேர்ந்து போனது. எனக்கு அதில் வருத்தம்தான்.

முகத்தை மறைத்தால் போதுமே என்று பேத்தி கேட்டாள். மதராஸில் போதும் கண்ணு, மலையில் போதாது என்றேன். "கேத்தி பக்கம், நாற்பத்தைந்து வயசு, கொழுந்து பறிக்கிற அம்மா, ரெண்டு பொண்ணு" என்றால் முகமா வேண்டும்? கூடலூர்ப் பக்கம் பழங்குடி மக்களிடம் சிக்கிள் செல் நோய் உண்டு. ஒரு பாடியில் பத்துப் பதினைந்து வீடு இருக்கும். அங்கே ஒரு பெண்ணின் நோயைப் பெயர் சொல்லாமல் சொன்னாலும் அவள் கல்யாணப் பேச்சு வரை போய் நிற்கும். பாடம் சொல்ல நோய் போதும், நோயாளி வேண்டாம்.

அதற்காகப் பேசாமல் இருந்துவிடு என்று நான் சொல்லவில்லை. டாக்டர்கள் மௌனமாக இருந்தால் அந்த இடத்தில் ஆடியோ ஆசாமி உட்கார்ந்துகொள்வான். குன்னூரில் பாஸ்டர் இன்ஸ்டிடியூட் 1907 முதல் இருக்கிறது, வெறிநாய்க்கடிக்காகவே ஏற்பட்டது. அதற்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிற என் நண்பர் ஒருவர் நாய் கடித்த இடத்தில் மிளகாய்ப்பொடி அப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், போனில் வந்ததாம்! குழாயடியில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும், அன்றைக்கே ஊசிக்குப் போக வேண்டும், சொன்ன தேதிகளில் எல்லா ஊசியும் போட்டு முடிக்க வேண்டும், அரசு மருத்துவமனையில் இலவசம். இதைச் சொல்ல எந்த நோயாளியைப் படம் பிடிக்க வேண்டும்? நான் மாணவிதான், டாக்டர் ஆகவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடு என்றேன். பின்னூட்டத்தில் யாராவது "எனக்கு என்ன மாத்திரை?" என்று கேட்டால் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல், அதற்கு மேல் ஒரு எழுத்தும் எழுதாதே என்றும் சொன்னேன். படுகு பேசுகிற தோழிகள் இருக்கிறார்களே, அவர்களைக் கொண்டு அந்த மொழியிலும் பேச வைக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை முதல் வீடியோ எடுத்தாயிற்று. கொல்லைப்புறக் குழாயில் லைஃப்பாய் சோப்போடு ஒரு கால் கழுவப்படுகிறது. பதினைந்து நிமிடமும் காட்ட வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். "யாரு தாத்தா அவ்வளவு நேரம் பார்ப்பாங்க?" என்று நாற்பது நொடியாகக் குறைத்துவிட்டாள். போனைப் பிடித்துக்கொண்டு நின்றது அவள் அம்மா. கால் என்னுடையது, கேட்டுவிட்டுத்தான் எடுத்தாள். ஊட்டித் தண்ணீரைவிட எங்கள் குழாயில் குளிர் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான் ஆறுதல்.