யாரிடம் அனுப்புகிறோம்?

உளவளத்துணையாளர், உளசமூகப் பணியாளர், உளமருத்துவப் பிரிவுகளில் கடமையாற்றும் தாதியர், வைத்தியர் என எமது வாசகர்கள் எல்லோரிடமும் இப்போது ஒரு கேள்வி வந்து சேர்கிறது. “ஒன்லைனில கதைக்கக்கூடிய நல்ல ஆள் ஆரும் இருக்கினமோ?” குடி, மாவா, போதை மாத்திரை, விடாத சிகரெட், ஒழுங்காக எடுக்காத நீரிழிவு மருந்து என்று காரணம் வேறுபடும். சிலர் இன்னும் ஒரு படி போய், ஊக்கமூட்டும் நேர்காணல் தெரிந்த ஆளாகப் பார்த்துச் சொல்லும்படி கேட்கிறார்கள். கனடாவிலோ இலண்டனிலோ இருக்கும் உறவினர் அந்தப் பெயரைச் சொல்லிக் கொடுத்திருப்பார்.

கேள்வி நியாயமானது. நெடுந்தீவிலிருந்து வருபவர் குறிகட்டுவானுக்குப் படகேறி, பிறகு பஸ் பிடித்து யாழ் நகருக்கு வந்து திரும்ப ஒரு நாள் கூலி போய்விடும். கிளினிக் வரிசையில் அயலவர் கண்டால் கதை வீட்டுக்கு முன்னே போய்விடும். தொலைபேசி இவ்விரண்டையும் தவிர்க்கிறது. ஆனால் நாம் கொடுக்கும் பதில் பெரும்பாலும் யாரோ ஒருவரின் இலக்கத்தோடு முடிந்துவிடுகிறது. அந்த இலக்கத்துக்குரியவர் துணைநாடியோடு எப்படிக் கதைப்பார் என்று எமக்குத் தெரியுமா? இதுவே இந்த இதழில் நாம் எழுப்ப விரும்பும் கேள்வி.

ஊக்கமூட்டும் நேர்காணலின் வரலாறு வாசகர்களுக்குப் புதிதல்ல. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1982இல் நோர்வேயின் பேர்கன் நகரில் இளம் உளவியலாளர்களோடு பயிற்சியில் இருந்தபோது, அவர் என்ன செய்கிறார், ஏன் அப்படிச் செய்கிறார் என்று அவர்கள் துருவிக் கேட்டார்கள். அதற்குச் சொன்ன விளக்கமே 1983இல் கட்டுரையாக வெளிவந்தது. பின்னர் ஸ்டீவன் ரோல்னிக்கோடு சேர்ந்து அவர் எழுதிய நூலின் முதற் பதிப்பு 1991இலும் நான்காம் பதிப்பு 2023இலும் வந்தன. திறந்த கேள்வி, மெச்சுதல், பிரதிபலித்தல், தொகுத்தல் என்ற நான்கு திறன்களையும் எமது டிப்ளோமா வகுப்புகளில் மனப்பாடமாகவே சொல்வார்கள். சொல்வது ஒன்று, செய்வது வேறு.

பயிற்சிக்காக நாம் அமைத்த ஓர் உரையாடலைப் பாருங்கள். மேசன் வேலை செய்யும் ஒருவர் சொல்கிறார்: “நல்லூர் கொடியேறினா 25 நாளும் நான் தொடமாட்டன். அது வேற. மற்ற நாளில வேலை முடிஞ்சா கால் தானாத் தவறணைக்குத்தான் போகுது.”

முதலாவது துணையாளர்: “25 நாள் இருக்க முடியுமெண்டா வருசம் முழுக்க இருக்கலாம்தானே அண்ணை? ஏன் முயற்சி செய்யேல்லை?”

“அது முருகனுக்காக. மற்ற நாளில ஏலாது. நீங்கள் வெயிலுக்க நிண்டு கல்லுத் தூக்கிப் பாத்திருக்கிறியளே தம்பி?”

இரண்டாவது துணையாளர் அதே வாசகத்துக்கு வேறு விதமாக முகங்கொடுக்கிறார்: “அந்த 25 நாளும் ஆரும் உங்களைக் கட்டிப் போடேல்லை. நீங்களாத்தான் இருக்கிறியள்.”

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, “ஓம். அந்த நாளில சின்னவள் பக்கத்தில வந்து படுப்பாள். மற்ற நாளில மணக்குதெண்டு வரமாட்டாள்.”

“பிள்ளை பக்கத்தில வாறது உங்களுக்குப் பெரிய விசயம்.”

“அதுக்காகவாவது குறைக்கத்தான் வேணும் தம்பி.”

முதலாமவர் தவறான எதையும் சொல்லவில்லை. அவருடைய தர்க்கம் சரி. ஆனால் மாற்றத்துக்காக வாதாடும் வேலையை அவர் எடுத்துக்கொண்டபடியால், மாறாமல் இருப்பதற்காக வாதாடும் வேலை துணைநாடியின் தலையில் விழுந்தது. இரண்டாமவர் கேள்வியே கேட்கவில்லை. இரண்டு பிரதிபலிப்புகள்தான். குறைக்க வேண்டும் என்ற சொல் துணைநாடியின் வாயிலிருந்தே வந்தது. ஊக்கமூட்டும் நேர்காணலின் உயிர் இங்கேதான் இருக்கிறது. திருத்திவிட வேண்டும் என்று எமக்குள் எழும் உந்துதலை அடக்குவதே இதில் கடினமான பாடம். பெரியவர் சொன்னால் பிள்ளை கேட்க வேண்டும், வாத்தியார் சொன்னால் மாணவன் கேட்க வேண்டும் என்று வளர்ந்த எமக்கு அது இன்னும் கடினம்.

இந்த இருவரில் யாரிடம் அனுப்புகிறோம் என்பதை ஒன்லைன் அறிமுகப் பக்கம் காட்டாது. இருவரும் ஒரே பயிற்சிப்பட்டறைக்குப் போயிருக்கலாம், ஒரே சான்றிதழைச் சுவரில் மாட்டியிருக்கலாம். மில்லரும் சக ஆய்வாளர் ஒருவரும் 2001இல் வெளியிட்ட சிறிய ஆய்வு இதைத்தான் காட்டியது. பட்டறைக்குப் போய்வந்தவர்கள் தாம் நிறையக் கற்றுக்கொண்டதாகச் சொன்னார்கள். ஒலிப்பதிவில் தெரிந்த மாற்றமோ சிறியது. துணைநாடிகளின் பேச்சில் வேறுபாடே இல்லை. 2004இல் 140 தொழில்வாண்மையாளர்களோடு நடந்த அடுத்த ஆய்வு, பட்டறைக்குப் பின் ஒலிப்பதிவைக் கேட்டுப் பின்னூட்டமும் தனிப்பட்ட வழிகாட்டலும் கொடுத்தபோது திறன் உயர்ந்ததைக் காட்டியது. துணைநாடி மாற்றத்தைப் பற்றிக் கூடுதலாகப் பேசத் தொடங்கியது இரண்டும் சேர்ந்து கிடைத்தவர்களிடம்தான்.

சான்றிதழ் விடயத்திலும் தெளிவு வேண்டும். இந்த முறையின் பயிற்றுநர்களுக்கு ‘மின்ற்’ என்ற சர்வதேச வலையமைப்பு உண்டு. அதன் பட்டியலில் நாடு வாரியாகப் பெயர் தேடலாம். ஆனால் அது பயிற்றுநர் பட்டியல். சிகிச்சையாளர்களுக்கு அது தகுதிச் சான்று வழங்குவதில்லை. ஆகவே ‘சான்றிதழ் பெற்ற ஊக்கமூட்டும் நேர்காணல் நிபுணர்’ என்ற அடைமொழியைக் கண்டால், சான்றிதழை எந்த நிறுவனம் கொடுத்தது, எதைப் பரீட்சித்துக் கொடுத்தது என்று கேட்பது முறை.

தொழிற்பதிவும் நாட்டுக்கு நாடு மாறுகிறது. ஒன்ராறியோவில் உளச்சிகிச்சையாளர் சட்டப்படி பதிவுபெற வேண்டும். முறைப்பாடு செய்ய இடமுண்டு. பிரித்தானியாவில் ‘கவுன்சிலர்’ என்ற பட்டத்துக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை. தொழில்வாண்மைச் சங்கங்களின் அங்கத்துவம் விருப்பத்தின் பேரிலானது. இந்தியாவில் மருத்துவ உளவியலாளர் புனர்வாழ்வுச் சபையில் பதிவு பெற்றிருக்க வேண்டும். வெளிநாட்டிலிருப்பவரைப் பரிந்துரைக்கும்போது, அவருடைய பதிவும் காப்புறுதியும் இலங்கையிலுள்ள ஒருவருக்குச் சேவை செய்ய இடங்கொடுக்கின்றனவா என்று அவரிடமே கேட்க வேண்டும். கேட்டால் கோபிப்பவரிடம் எமது துணைநாடியை அனுப்பத் தேவையில்லை.

பதிவை அறிந்தபின் நாம் கேட்க வேண்டியவை சில உண்டு. கடைசியாக எப்போது உங்கள் அமர்வொன்றை இன்னொருவர் கேட்டுக் கருத்துச் சொன்னார்? எந்த அளவுகோலைப் பாவித்தார்? எம்.ஐ.ரி.ஐ. என்ற மதிப்பீட்டு முறையில் அமர்வின் 20 நிமிடப் பகுதியைக் கேட்டுப் புள்ளியிடுவார்கள். ஒரு கேள்விக்கு ஒரு பிரதிபலிப்பு என்றால் போதுமான நிலை, ஒரு கேள்விக்கு இரண்டு என்றால் நல்ல நிலை. இதை அறிந்தவர் உடனே பதில் சொல்வார். அறியாதவர் தமது பட்டங்களைச் சொல்லத் தொடங்குவார். துணைநாடிக்கும் ஓர் எளிய உரைகல் சொல்லிக் கொடுக்கலாம்: முதல் அமர்வு முடிய, கூடுதலாகக் கதைத்தது நீங்களா அவரா என்று யோசியுங்கள். அவர் என்றால் இன்னொருவரைத் தேடலாம்.

தொலைபேசிக்கென்று சில நுணுக்கங்களும் உள்ளன. மேலே காட்டிய உரையாடலில் நடுவில் வந்த அந்த மௌனம் வட்ஸ்அப் அழைப்பில் வந்தால் மறுமுனை “ஹலோ, கேக்குதோ?” என்று பதறும். யோசிக்க நேரம் எடுக்கலாம், நான் இணைப்பில்தான் இருப்பேன் என்று தொடக்கத்திலேயே சொல்லிவைக்காதவர் அந்த மௌனத்தைத் தானே கலைத்துவிடுவார். வீட்டுக்குள் தனியிடம் கிடைப்பதும் எளிதல்ல. மாமியார் குசினியில், பிள்ளைகள் விறாந்தையில், கணவர் முற்றத்தில் இருக்கும் வீட்டில் ஒரு பெண் கிணற்றடிக்குப் போய்த்தான் கதைக்க முடியும். அமர்வின் தொடக்கத்தில் “இப்ப ஆர் பக்கத்தில இருக்கினம்?” என்று கேட்காத துணையாளருக்கு எமது வீடுகள் தெரியாது. பதிவுகளைச் சேமிப்பதிலும் கவனம் தேவை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தரவை விசேட வகைக்குள் வைத்திருக்கிறது. குரல்பதிவை வட்ஸ்அப் குழுவில் போட்டு ஆலோசனை கேட்கும் பழக்கம் உடனே நிற்க வேண்டும்.

எமக்கே உரிய இன்னொரு சிக்கல் காசு கட்டுபவர். ரொறன்ரோவில் இருக்கும் அக்கா துணையாளரைத் தேடிப் பிடித்து, கட்டணத்தைக் கட்டி, கோடையில் ஒன்பதரை மணித்தியாலமும் குளிரில் பத்தரை மணித்தியாலமும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிட்டு நேரமும் ஒதுக்குவார். தம்பி வந்து “அக்கா சொன்னவ, அதுதான் வந்தனான்” என்பார். அடுத்த நாள் அக்காவின் அழைப்பு வரும்: “அவன் என்ன சொன்னவன்? விட்டிடுவானோ?” அக்காவின் அக்கறையில் குறை இல்லை. ஆனால் தெரிவு துணைநாடியுடையது என்பதே இந்த முறையின் அத்திவாரம். முதல் அமர்வுக்கு முன்பே மூவரும் ஒப்புக்கொண்ட எல்லை இருக்க வேண்டும். வந்தார் என்பதற்கு மேல் எதுவும் சொல்லமாட்டேன் என்று சொல்லும் துணையாளர்தான் தம்பியின் நம்பிக்கையைப் பெறுவார்.

பாதுகாப்பைப் பற்றி ஒரு வார்த்தை. கசிப்பை நாள்தோறும் பெருமளவில் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, சித்தப்பிரமை வரலாம்; உயிராபத்தும் உண்டு. உற்சாகமான ஓர் அமர்வுக்குப் பின் “இண்டையில இருந்து விட்டிட்டன்” என்று சொல்பவரைத் தூரத்திலிருந்து பாராட்டிவிட்டுப் போவது ஆபத்து. அவர் முதலில் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். தற்கொலை எண்ணம் வெளிப்பட்டாலும் அப்படியே. துணைநாடி எந்தக் கிராமத்தில் இருக்கிறார், பக்கத்தில் எந்த வைத்தியசாலை, வீட்டில் யாரை அழைக்கலாம் என்பது முதல் அமர்விலேயே துணையாளரின் கையில் எழுதப்பட்டிருக்க வேண்டும். 1990 அம்பியூலன்ஸ் இலக்கத்தையும், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தையும் அறியாத வெளிநாட்டுத் துணையாளருக்கு இவற்றைச் சொல்லிக் கொடுப்பது பரிந்துரைக்கும் எமது கடமை. போரிலும் இடப்பெயர்விலும் இழந்தவற்றோடு குடி பின்னிக் கிடக்கும் இடத்தில், ஊக்கமூட்டும் நேர்காணல் வாசலைத்தான் திறக்கும். துக்கத்துக்கும் வடுவுக்கும் வேண்டிய சிகிச்சை அதற்குப் பிறகு உண்டு.

ஆனால் இத்தனை விசாரணைக்குப் பிறகும் கடல் கடந்துதான் ஆள் தேட வேண்டுமா? கோவாவில் நடந்த ‘பிரீமியம்’ ஆய்வு வேறு பதில் தருகிறது. சங்காத் நிறுவனத்தின் அபிஜித் நட்கர்ணி, விக்ரம் பட்டேல் குழுவினர் பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் தீங்கான அளவில் குடிக்கும் 377 ஆண்களைச் சேர்த்தார்கள். ஊக்கமூட்டும் நேர்காணலை அடிப்படையாகக் கொண்ட, நான்கு அமர்வுகளுக்கு மேற்படாத ஆலோசனையை, உளநலத்தில் முன்பயிற்சி இல்லாத உள்ளூர்ப் பணியாளர்கள் வழங்கினார்கள். மூன்று மாதத்தில் ஆபத்தான குடி நிலையிலிருந்து மீண்டோர் ஆலோசனை பெற்றவர்களில் 36 வீதம், வழமையான கவனிப்பை மேம்படுத்திப் பெற்றவர்களில் 26 வீதம். முந்தைய 14 நாளும் குடிக்காதோர் 42க்கு 18. 2017இல் லான்செற் இதழில் வந்த முடிவு இது. அந்தப் பணியாளர்கள் பட்டதாரி நிபுணர்கள் அல்லர். தமது அமர்வுகளைப் பதிவு செய்து, ஒருவர் மற்றவரின் பதிவைக் கேட்டு மதிப்பிட்டுத் திருத்திக்கொண்டவர்கள்.

எமது பிரதேச செயலகங்களில் உளவளத்துணைக்கென உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். மின்சாரமும் தொலைபேசியும் இல்லாத காலத்திலேயே சாந்திகம் போன்ற நிறுவனங்கள் இங்கே துணையாளர்களைப் பயிற்றுவித்தன. பேராசிரியர் தயா சோமசுந்தரமும் அவரது வழி வந்த உளமருத்துவர்களும் சமூக மட்டப் பணியாளர்களை நம்பித்தான் இந்தக் குடாநாட்டின் உளநலச் சேவையை வளர்த்தார்கள். ஆள் பஞ்சம் முழுவதும் உண்மையல்ல. கேட்டுத் திருத்தும் பழக்கந்தான் பஞ்சம்.

எனவே வாசகர்களிடம் மூன்று விடயங்களைக் கேட்கிறோம். துணைநாடியின் எழுத்துமூலச் சம்மதத்தோடு மாதம் ஓர் அமர்வையாவது பதிவு செய்யுங்கள். நாலைந்து பேராகச் சேர்ந்து அதில் 20 நிமிடத்தைக் கேட்டு, கேள்வி எத்தனை, பிரதிபலிப்பு எத்தனை என்று எண்ணுங்கள். வேலை முடிந்ததும் பதிவை அழியுங்கள். ஆறு மாதம் இப்படிச் செய்த குழுக்கள், தொலைபேசியில் சேவை தரத் தயாராக உள்ள தமது அங்கத்தவர்களின் பெயர், மொழி, நேரம், மேற்பார்வை விபரம் ஆகியவற்றை எமக்கு எழுதுங்கள். அவற்றைத் தொகுத்து இந்த இதழிலேயே வெளியிடுவோம். பட்டங்களுக்கு அந்தப் பட்டியலில் இரண்டாம் இடந்தான். அமர்வைக் கேட்கக் கொடுத்தவருக்கே முதலிடம்.