கோவையில் மலைக்கு நடுவே சூரியன் உதிக்குமா? ஓவிய வகுப்புக்கு ஏஐ-யைக் கூப்பிடும் முன் யோசிக்க வேண்டியவை

இரண்டு முக்கோண மலை. நடுவில் பாதி சூரியன். கீழே ஒரு குடிசை, பக்கத்தில் ஒரு தென்னை மரம், வானத்தில் டிக் அடித்த மாதிரி நாலு பறவை. தமிழ்நாட்டில் ஆரம்பப் பள்ளி படித்த யாரிடம் பேப்பரும் கிரேயானும் கொடுத்தாலும் பெரும்பாலும் இந்தப் படம்தான் வரும்.

கோவையில் வளர்ந்த நானும் இதைத்தான் வரைந்தேன். 'சூரிய உதயம்' என்று தலைப்பும் வைத்தேன். ஆனா கோவைக்கு மலை மேற்கே இருக்கு. அங்கே சூரியன் மறையும், உதிக்காது. வகுப்பு ஜன்னலில் தினமும் தெரிந்த மலையை நாங்கள் யாரும் பார்க்கவே இல்லை. போர்டில் இருந்ததைப் பார்த்தோம், அப்படியே இறக்கினோம்.

இப்போது அந்த போர்டின் இடத்துக்கு ஏஐ வந்துகொண்டிருக்கிறது. பாடக்குறிப்பு எழுத சாட்ஜிபிடி, ஜெமினி போன்ற கருவிகளைத் திறக்கும் ஆசிரியர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். ஓவிய வகுப்புக்கும் அதைப் பயன்படுத்தலாமா? பயன்படுத்தலாம் என்பதுதான் என் கருத்து. ஆனால் எதற்கு, எதுவரை என்பதில் தெளிவு வேண்டும்.

ஆரம்பப் பள்ளியில் ஓவிய ஆசிரியர் யார்?

நேரடியான பதில்: தனியாக யாரும் இல்லை. 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 8-ம் வகுப்பு வரை 100 மாணவர்களுக்கு மேல் இருந்தால் ஓவியம், உடற்கல்வி, பணிக்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர்கள் வேண்டும் என்கிறது. 1 முதல் 5-ம் வகுப்பு வரைக்கு அப்படி ஒரு வரியே கிடையாது. தமிழ்நாட்டில் 2012-ல் நியமிக்கப்பட்ட 16 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களும் 6 முதல் 8-ம் வகுப்புக்கானவர்கள்தான். மாதம் 5,000 ரூபாயில் வேலையைத் தொடங்கிய அவர்கள், பணி நிரந்தரம் கேட்டுப் பல ஆண்டுகளாகப் போராடி வருவது தனிக்கதை.

ஆக, ஆரம்பப் பள்ளியில் தமிழும் கணக்கும் எடுக்கும் அதே டீச்சர்தான் ஓவியமும் எடுக்க வேண்டும். கிராமத்து ஈராசிரியர் பள்ளி என்றால் ஐந்து வகுப்பையும் இரண்டு பேர் பார்க்க வேண்டும். இந்த நிலைமையில் ஓவியப் பீரியடுக்கு என்ன ஆகும் என்பது நமக்கே தெரியும். கணக்கு வாங்கிக்கொள்ளும். இல்லையென்றால், 'புடிச்சதை வரைங்க' என்பதோடு முடிந்துவிடும்.

அதனால்தான், ஏஐ-யைத் தொடவே கூடாது என்று சொல்பவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை. ஓவியம் கற்பிக்கப் பயிற்சி பெறாத ஒரு டீச்சருக்கு, 'நாளைக்கு என்ன செய்யலாம்' என்ற கேள்விக்கு ராத்திரி 9 மணிக்கு ஒரு பதில் கிடைத்தால், அது பெரிய உதவி.

சும்மா கேட்டால் என்ன வரும்?

கேட்டுப் பார்த்தேன். '3-ம் வகுப்புக்கு ஒரு ஓவிய வகுப்புத் திட்டம் கொடு' என்று ஒரு சாட்பாட்டிடம் தமிழிலேயே கேட்டேன். இலையுதிர்காலக் காகித மரம் செய்யச் சொன்னது. தேவையான பொருட்கள்: பேப்பர் தட்டு, பல நிறத்தில் சார்ட், பசைத் துப்பாக்கி, ஒட்டும் கண்கள். நோக்கம், செயல்பாடு, மதிப்பீடு என எல்லாம் கச்சிதமாக இருந்தது. தமிழிலும் பெரிய தப்பு இல்லை. ஆனால் நம்ம ஊரில் இலையெல்லாம் ஆரஞ்சு நிறத்துக்கு மாறிக் கொட்டும் பருவம் எது?

இதற்குக் காரணம் ரொம்ப சிம்பிள். இந்தக் கருவிகள் இணையத்தில் இருக்கும் எழுத்துகளில் இருந்து கற்றவை. ஓவிய வகுப்புத் திட்டம் என்று இணையத்தில் குவிந்திருப்பதில் பெரும்பகுதி ஆங்கிலம், அதிலும் அமெரிக்கப் பள்ளிகளுக்காக எழுதப்பட்டவை. நாம் ஊரைச் சொல்லாவிட்டால், அது தனக்குப் பழக்கமான ஊரையே எடுத்துக்கொள்ளும். அன்றைக்கு போர்டில் இருந்த இரண்டு மலை, இன்றைக்கு அமெரிக்க மரமாகி வருகிறது, அவ்வளவுதான்.

அப்போ எப்படிக் கேட்கணும்?

இரண்டாவது முறை இப்படிக் கேட்டேன்:

'ஈரோடு மாவட்ட கிராமப் பள்ளி. 3, 4, 5-ம் வகுப்பு ஒரே அறையில், மொத்தம் 26 குழந்தைகள். 40 நிமிடம். கையில் இருப்பவை பழைய நாளிதழ், சாக்பீஸ், பனியன் கட்பீஸ் துணி, பசை. புதிதாக எதுவும் வாங்க முடியாது. பவானி ஜமக்காளத்தின் வண்ணப் பட்டைகளை வைத்து, திரும்பத் திரும்ப வரும் வடிவம் என்றால் என்ன என்று குழந்தைகளே கண்டுபிடிக்க வேண்டும். பார்த்து வரைய மாதிரிப் படம் வேண்டாம். டீச்சர் கேட்க வேண்டிய 5 கேள்விகள் கொடு.'

இந்த முறை வந்தது வகுப்பில் எடுத்துப் போகக்கூடிய ஒன்று. வீட்டு ஜமக்காளத்தைக் கொண்டுவரச் சொல்லிப் பட்டைகளை எண்ணுவது, கட்பீஸைக் கிழித்துத் தரையில் அடுக்கிப் பார்ப்பது, ஒரு பட்டையை மாற்றினால் என்ன ஆகிறது என்று கேட்பது. திருப்பூர், ஈரோடு பக்கம் பனியன் வேஸ்ட்டுக்கா பஞ்சம்?

ஆனா கவனிங்க: இந்தப் பதில் நல்லா இருந்ததற்குக் காரணம் கேள்வியில் இருந்த விஷயங்கள். பவானி, கட்பீஸ், 26 குழந்தைகள், ஒரே அறை என்று அத்தனையும் நான் கொடுத்தது. இதை என்னைவிடப் பத்து மடங்கு நன்றாகச் சொல்லக்கூடியவர் அந்த ஊர் டீச்சர்தான்.

கொங்கு மண்டலத்தில் இதற்குக் கச்சாப்பொருள் கொட்டிக்கிடக்கிறது. கோவை குமிட்டிபதி அருகே பாறையில் வெள்ளை நிறத்தில் வரையப்பட்ட யானை இருக்கிறது. நொய்யல் கரைக் கொடுமணலில், பானை ஓடுகளில் தமிழி எழுத்தும் கீறல் குறியீடும் கிடைத்தன. ஈரக் களிமண்ணில் குச்சியால் தன் பெயரைக் கீறிப் பார்க்க ஒரு 2-ம் வகுப்புக் குழந்தைக்கு வேறு என்ன காரணம் வேண்டும்? பொங்கலுக்குக் காப்புக் கட்டும் ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பிலை மூன்றின் இலையும் பூவும் மூன்று விதம். காங்கேயம் காளையின் திமிலை வரைய மாடு தெருவிலேயே நிற்கிறது.

மூன்று இடத்தில் கோடு போட வேண்டும்

முதலாவது, ஏஐ வரைந்த படத்தைக் காட்டி 'இதே மாதிரி வரை' என்று சொல்லக் கூடாது. குழந்தை ஓவியத்தின் வளர்ச்சியை ஆராய்ந்த விக்டர் லோவன்ஃபெல்ட், 1947-ல் வெளிவந்த தன் புத்தகத்திலேயே, அச்சிட்ட படத்துக்குள் வண்ணம் தீட்ட வைப்பது குழந்தையின் தன்னம்பிக்கையைக் குலைக்கும் என்று எச்சரித்தார். 7 வயதுக் குழந்தை வரையும் மாட்டுக்கு ஐந்து கால் இருக்கலாம். ஏஐ மாட்டுக்குப் பக்கத்தில் வைத்தால், அந்தக் குழந்தை அடுத்த முறை 'எனக்கு வரைய வராது' என்றுதான் சொல்லும்.

இரண்டாவது, குழந்தைகளின் போட்டோவையும் பெயரோடு இருக்கும் ஓவியத்தையும் இந்தக் கருவிகளில் ஏற்றக் கூடாது. 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் தேவை. பாடக்குறிப்பு தயாரிக்க ஒரு குழந்தையின் பெயர்கூடத் தேவையில்லை.

மூன்றாவது, உள்ளூர் வரலாறு பற்றி அது சொல்வதை அப்படியே நம்பக் கூடாது. தெரியாத இடத்தில் நிறுத்தாமல், தெரிந்த மாதிரியே எழுதிக்கொண்டு போவது இதன் பழக்கம். கொடுமணல் பற்றி அது தரும் ஆண்டுக்கணக்கை, வகுப்பில் சொல்வதற்கு முன் சரிபார்க்க வேண்டும்.

உண்மையான பயம் வேறு

ஏஐ மோசமான பாடக்குறிப்பு தரும் என்பதைவிட, ரொம்ப அழகான பாடக்குறிப்பு தரும் என்பதுதான் என் கவலை. ஒரு நிமிடத்தில் ஒரு வருடத்துக்கான ஓவியத் திட்டம் தயார். நோட்டில் ஒட்டியாச்சு, ஆய்வுக்கு வந்தவர் கையெழுத்தும் போட்டாச்சு. பீரியடில் நடந்ததென்னவோ கணக்குதான். இதுவரை நடக்காத ஓவிய வகுப்பு நடக்காததாகத் தெரிந்தது. இனி நடந்ததாகவே தெரியும். அப்புறம், 'அதான் ஏஐ இருக்கே, ஓவிய ஆசிரியர் எதுக்கு?' என்று யாராவது கேட்க எவ்வளவு நேரம் ஆகும்?

கர்நாடகத்தில் சிக்ஷனா அறக்கட்டளையும் மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிப் பிரிவும் சேர்ந்து, அரசுப் பள்ளி ஆசிரியர்கள் பாடம் திட்டமிட 'சிக்ஷா கோபைலட்' என்ற கருவியைச் சோதித்தன. மாநிலப் பாடத்திட்டத்தை அடிப்படையாக வைத்து, கன்னடத்திலும் இயங்கும்படி அமைக்கப்பட்டது அது. நம்மாலும் முடியும். தமிழ்நாட்டில் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கைக்கணினி கொடுத்தாயிற்று. மாவட்டவாரியாக உள்ளூர் கலை, கைத்தொழில், கிடைக்கும் பொருட்கள் பற்றிச் சரிபார்த்த தமிழ்த் தொகுப்பு ஒன்றைக் கல்வித்துறை உருவாக்கினால், ஏஐ அதிலிருந்து எடுத்துத் தரட்டும். கூடவே, நான்கைந்து தொடக்கப் பள்ளிகளுக்குச் சேர்த்து ஒரு ஓவிய ஆசிரியரையாவது நியமிக்க வேண்டும். கருவி வந்துவிட்டது என்று பணியிடத்தை மறந்துவிடக் கூடாது.

அதுவரை, டீச்சர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஏஐ தரும் திட்டத்தை எடுத்துக்கோங்க, நேரம் மிச்சமாகட்டும். மிச்சமான அந்த நேரத்தில் பிள்ளைகளை ஜன்னலுக்கோ வாசலுக்கோ கூட்டிட்டுப் போய், 'மலை எந்தப் பக்கம் இருக்கு, சூரியன் இப்போ எங்கே இருக்கு?' என்று கேளுங்க. அப்புறம் பேப்பரைக் கொடுங்க.