பிஸ்கட் டின்னில் ஒரு புலி

ரிங்லெட் லயத்து வீட்டைக் காலி செய்த அன்று, பாட்டியின் அலமாரிக்கு அடியில் ஒரு பிஸ்கட் டின் அகப்பட்டது. உள்ளே பணம்தான் என்று தம்பி அடித்துச் சொன்னான். திறந்தால் தபால் தலைகள். உறையோடு சேர்த்துக் கத்தரித்தவை, ஓரமெல்லாம் கரப்பான் அரித்தவை. பாட்டிக்கு எழுத்துத் தெரியாது. தலையைப் பார்த்தே எந்தக் கடிதம் எப்போது வந்தது என்று சொல்லிவிடுவார்.

முக்கால்வாசி, மெந்தகாப் பக்கம் பால்மரம் வெட்டிய சின்னத் தாத்தா அனுப்பியவை. ஆகப் பழையதில் பாயும் புலி. 1929இல் ரசல் என்ற துரை இந்தக் கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியபோது, மலை இருக்கும் பகாங்குக்கென்று தனித் தலை இல்லை. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் நான்குக்கும் மலாய்க் கூட்டு மாநிலங்களின் புலிதான். அதே புலியைத் தேயிலைக்குள்ளும் பார்த்ததாகப் பாட்டி சொல்வார். நான் முழுசாக நம்பியதில்லை.

1935இல் புலி போய் சுல்தான் அபு பக்காரின் முகம் வந்தது. கெட்டிக்காரத்தனம் என்றால் இதுதான். கோலா லிப்பிசில் உட்கார்ந்து ஆண்டது பிரிட்டிஷ் ரெசிடென்ட். ஒட்டுவதற்கு மட்டும் சுல்தான். அதே பிரிட்டிஷ்காரன் ஆண்ட சிலோனின் தலையில் ஜார்ஜ் ராஜா ஒளிவுமறைவில்லாமல் இருந்தார். இங்கே பிடி துரையிடம், படம் சுல்தானுடையது.

அடுத்ததில் அந்தச் சுல்தான் முகத்தின் மேலேயே கறுப்பு மையில் 'டாய் நிப்பான் 2602' என்று குத்தியிருக்கிறது. ஜப்பான்காரன் கணக்கில் 2602 என்றால் நமக்கு 1942. புதிதாக அச்சடிக்க நேரமில்லை, இருந்ததன் மேலேயே குத்திவிட்டான். சின்னத் தாத்தாவின் கடைசித் தலை அதுதான். மறு வருஷம் சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துப் போனார்கள்.

அதற்கப்புறம் உள்ளது சின்னப் பாட்டி கிராணியைக் கொண்டு எழுதியது. ஆறாம் ஜார்ஜ் தலை, அதன் மேல் பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகத்தின் 'பி.எம்.ஏ. மலாயா'. திரும்பி வந்த துரைமார் ஸ்ட்ரெய்ட்ஸ் தலைகளை எடுத்து, அவர்களும் மேலே குத்தித்தான் அனுப்பினார்கள். இந்த முறை ராஜா சுல்தான் முகத்துக்குப் பின்னால் ஒளியவில்லை. ஒரு விதத்தில் டின்னிலேயே நேர்மையான தலை அதுதான்.

1957 ஆகஸ்ட் 31இன் 10 காசுத் தலை ஒன்றும் இருக்கிறது. துங்கு அப்துல் ரஹ்மான், கூடவே மக்கள் கூட்டம். கூட்டத்தில் நம்மாள் யாராவது உண்டா என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன். அவ்வளவு சின்னப் படத்தில் என்ன தெரியும்?

1986இல் மாநிலத் தலைகளுக்குப் பயிர்களைப் போட்டார்கள். காப்பி, தேங்காய், கொக்கோ, மிளகு, ரப்பர், செம்பனை, நெல். ஏழு பயிர். பகாங் தலையிலும் அதே ஏழுதான். கேமரன் மலையை வைத்துக்கொண்டு தேயிலையை விட்டுவிட்டார்கள்.

தேயிலை, டின்னின் அடியில் இருந்தது. ஹட்டனிலிருந்து பாட்டியின் அக்கா அனுப்பிய கடிதத்தில் வந்த சிலோன் 9 சதத் தலை. கொழுந்து பறிக்கும் படம். அப்படிப் பறித்த தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிய குடியுரிமைச் சட்டம், சிலோன் சுதந்திரம் பெற்ற அதே 1948இல் வந்தது. மற்றதெல்லாம் டின்னில் கலந்து கிடக்க, பாட்டி இதை மட்டும் தேயிலைப் பொட்டலத் தாளில் நாலாக மடித்து வைத்திருந்தார்.