மரம் அறுக்க ஒரு மெஷின் கேட்டால்...

மரம் அறுக்க சர்க்குலர் சா வேண்டும் என்று ஹார்டுவேர் கடையில் கேட்டுப் பாருங்கள். முதலில் மேஜைக்கு வருவது நாலு இஞ்ச் மார்பிள் கட்டர்தான். "இது கல் அறுக்கிறதாச்சே?" என்றால், "பிளேடை மாத்திப் போடுங்க சார், மரமும் அறுக்கும். எல்லா ஆசாரியும் இதைத்தான் வாங்கிட்டுப் போறாங்க" என்று பதில் வரும். அவர் சொல்வது பொய்யில்லை. எரிச்சலே அதுதான்.

கல் பிளேடில் மரத்தைக் கொத்தி இழுக்கும் பல் கிடையாது. விளிம்பில் இருக்கும் வைரத் துகள் தேய்த்துத் தேய்த்தே அறுக்கும். அதனால் அந்த மெஷினுக்கு மேல்பாதியில் மட்டும் மூடி வைத்தார்கள். அதே இடத்தில் கார்பைடு பல் பிளேடை மாட்டினால், நிமிஷத்துக்கு 12,000 சுற்று வாக்கில் சுழலும் பல் அடியில் அம்மணமாக நிற்கிறது. மரத்துக்கென்றே செய்த ஏழு இஞ்ச் மெஷின் 5,000 சொச்சம் சுற்றில் ஓடும். மரத்தை விட்டு எடுத்த மாத்திரத்தில் அதன் ஸ்பிரிங் மூடி 'டப்'பென்று பிளேடை மறைத்துவிடும். ஸ்விட்சை விட்ட பிறகும் பிளேடு சில நொடி சுற்றுமே, அந்த நொடிகளுக்காகத்தான் அந்த மூடி.

விலை கூடத்தான், மறுக்கவில்லை. ஆனால் கூடுதல் காசு கொடுத்து வாங்கியவர்களும் செய்கிற முதல் காரியம் என்ன தெரியுமா? அந்த மூடியைக் கம்பியால் தூக்கிக் கட்டுவது! கேட்டால், "கோடு தெரிய மாட்டேங்குதுங்க" என்கிறார்கள். இன்னும் சிலர் பலகையில் ஓட்டை போட்டு, மெஷினைத் தலைகீழாக மாட்டி, ஸ்விட்சை லாக் செய்துவிட்டு, ஒல்லி ரீப்பரை விரலாலேயே தள்ளுகிறார்கள். தள்ளுவதற்கு ஒரு துண்டுக் கட்டை போதும். அது காலடியில் குப்பையாகக் கிடக்கிறது.

பிளைவுட் அறுப்பதைப் பார்த்தால் வயிறு கலங்கும். எட்டுக்கு நாலு ஷீட்டை இரண்டு முனையில் இரண்டு ஸ்டூல் மேல் வைத்து நட்டநடுவில் அறுப்பார்கள். பாதி அறுத்ததும் ஷீட் தொய்யும், அறுத்த வாய் மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வும், மெஷின் ஆளை நோக்கியே துள்ளும். தரையில் நாலு சட்டத்தைப் பரப்பி அதன்மேல் ஷீட்டைப் போட்டால் இந்த வம்பே இல்லை. 19 மி.மீ. ஷீட்டுக்குப் பிளேடு அடியில் ஒரு பல் அளவு வெளியே தெரிந்தால் போதும். நம்மவர்களோ முழு ஆழத்துக்கு இறக்கிவிட்டுத்தான் ஆரம்பிப்பார்கள்.

பிளேடு விஷயமும் இதே லட்சணம்தான். நீளவாக்கில் மரம் கிழிக்கிற 24 பல் பிளேடையே பிளைவுட்டுக்கும் ஓட்டிவிட்டு, ஓரமெல்லாம் சிலாம்பு பெயர்ந்ததும் "சரக்கு சரியில்லீங்க" என்று பழியைப் பிளைவுட் மேல் போடுவார்கள். 60 பல் பிளேடை மாட்டி, நல்ல முகத்தைக் கீழே பார்க்க வைத்து அறுத்தால் பெரும்பாலும் அந்தப் பேச்சே எழாது. இந்த மெஷினின் பல் கீழிருந்து மேலாக அறுப்பதால், சிலாம்பு பெயர்வதெல்லாம் மேல்முகத்தில்தான்.

மெஷின் வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வாட்ஸ் எத்தனை என்று பிறகு கேட்டுக்கொள்ளலாம். பிளக் மாட்டாமலே கீழ்மூடியை விரலால் தூக்கி விட்டுப் பாருங்கள். உடனே திரும்பி மூடவில்லை என்றால், எவ்வளவு தள்ளுபடி தந்தாலும் அந்த மெஷின் வேண்டாம்.