நாலு குரல், ஒரு கச்சேரி!

1989-ல் நிண்டெண்டோ வெளியிட்ட கேம்பாய், விளையாட மட்டும்தான் என்று நினைத்தவர்களே அதிகம். இன்று அதிலேயே மெட்டும் கட்டுகிறார்கள். இதற்குப் பெயர் சிப்டியூன்.

தொட்டியம் பக்கம் கோயில் மேளம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கு சட்டெனப் புரியும். இரண்டு நாகஸ்வரம், ஒரு ஒத்து, ஒரு தவில். கேம்பாயிலும் நான்கே குரல்கள்தான்! இரண்டு குரல்கள் மெட்டுக்கு. மூன்றாவதைப் பெரும்பாலும் பேஸுக்கு வைத்துக்கொள்கிறார்கள். நான்காவது வெறும் இரைச்சல். அந்த 'உஸ்' சத்தத்தைப் பொசுக்கென நிறுத்தினால் டிரம்ஸ் ரெடி.

ஸ்வீடனின் யோஹான் கோட்லின்ஸ்கி உருவாக்கிய 'லிட்டில் சவுண்ட் டிஜே' மென்பொருளில்தான் பலரும் கற்கத் தொடங்குகிறார்கள். ஒரு குரலில் ஒரு நேரத்தில் ஒரே ஸ்வரம்தான் வரும். மூன்று ஸ்வரம் சேர்ந்து ஒலிக்க வேண்டுமா? அவற்றை மின்னல் வேகத்தில் மாற்றி மாற்றி ஒலிக்கவிட்டால், காது ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளும்.

புதிதாகக் கற்பவர்கள் ஒரு மெட்டு, ஒரு தாளம் என இரண்டே குரலில் தொடங்கலாம்.

ஆனால் ஒன்று... பழைய கார்ட்ரிட்ஜில் பாட்டைக் காப்பாற்றி வைத்திருப்பது உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரிதான். அது தீர்ந்தால், மாதக்கணக்கில் கட்டிய மெட்டும் அழிந்துவிடும். எனவே, பாட்டு முடிந்த அன்றே ஹெட்போன் துளை வழியே கணினியில் பதிவு செய்துவிடுங்கள்!