மறக்கச் சொன்னவர் புத்தர் அல்லர்

மெல்பேர்னிலும் சிட்னியிலும் எங்களிற் பலர் வேலை செய்யும் கந்தோர்களில் இன்று 'மைண்ட்ஃபுல்னெஸ்' சொல்லிக்கொடுக்கிறார்கள். கண்ணை மூடு, மூச்சைக் கவனி, போனதை விடு என்கிறார்கள். எங்களிற் சிலர் "அது சிங்களவரின் சமயம்" என்று முகத்தைத் திருப்புகிறோம். வேறு சிலர் ஊரை மறக்க மருந்து கிடைத்ததென்று குந்திவிடுகிறோம். இரண்டும் பிழை.

முதற் கோபத்தின் நியாயம் எங்களுக்குத் தெரியும். 1972ஆம் ஆண்டு யாப்பு பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்தது. 1981இல் யாழ். நூலகம் எரிந்தது. ஆனால், அதற்காகப் புத்தரை அவர்களுக்கே உறுதி முடித்துக் கொடுக்க வேண்டுமா? மணிமேகலை தமிழிற் பிறந்த பௌத்த காப்பியம். காஞ்சியிலும் நாகபட்டினத்திலும் விகாரைகள் இருந்தன. கந்தரோடைத் தூபிகளைக் காட்டி "இது எங்கள் மண்" என்று அவர்கள் சொல்லும்போது, தமிழ்ப் பௌத்தரை நாங்களே மறந்துவிட்டால் எதைச் சொல்லி மறுப்பது?

இனி மற்றவர்களுக்கு. 'மைண்ட்ஃபுல்னெஸ்' என்று பெயர்க்கப்பட்ட பாளிச்சொல் ஸதி, வடமொழியில் ஸ்மிருதி. அதன் வேர்ப்பொருளே நினைவு. 1979இல் ஜோன் கபாட்-ஸின் அமெரிக்காவின் மசாசூசெற்ஸில் நோயாளருக்கென இப்பயிற்சியைச் சமயம் நீக்கிக் கற்பித்தார். அதனால் நோவுற்றோர் ஆறுதல் பெற்றதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் எண்வகை மார்க்கத்தில் நல்ல நினைவோடு நல்ல பேச்சும் நல்ல செயலும் நேர்மையான பிழைப்பும் சேர்ந்தே இருக்கின்றன. அவற்றைக் கழற்றிவிட்டு மூச்சை மட்டும் கற்பிக்கும் முதலாளிக்கு வேண்டியது, சுமையைக் கேள்வி கேளாமற் சுமக்கும் தொழிலாளியே.

சிட்னிக்கு வடக்கே, வைஸ்மன்ஸ் ஃபெரிக்கு அருகில், 1978இல் வாட் புத்த தம்ம என்னும் தியான நிலையத்தை நிறுவியவர்களில் ஒருவர் ஐயா கேமா. பேர்லினில் யூதக் குடும்பத்திற் பிறந்து, 1938இல் நாஸிகளிடமிருந்து தப்பிய அகதி அவர். தியானம் கற்பித்த அவர் தம் கதையை மறைக்கவில்லை, நூலாகவே எழுதிவைத்தார்.

வில்லவூட் தடுப்பு முகாமில் ஆண்டுக்கணக்கிற் கிடந்த எங்கள் பிள்ளைகளிடம் "இந்தக் கணத்தில் இரு" என்று சொல்வது கொடுமை. அவர்களுடைய அந்தக் கணத்தைச் சுற்றி வேலி நின்றது. 2009இல் பறிகொடுத்தவர்களை எண்ணி நித்திரையின்றிக் கிடக்கும் தாயிடம் "போனதை விடு" என்பதும் அவ்வாறானதே. அவளுக்கு வேண்டியது, நினைத்தும் நிலைகுலையாதிருக்கும் பலம். மூச்சைக் கவனிப்பது அதற்கு உதவுமானால் எங்கள் முதியோர் சங்கங்களில், எங்கள் தமிழில், அதைக் கற்போம். பெயர்களைச் சொல்லி, விளக்கேற்றி, அதன்பின் கண்ணை மூடுவோம்.